மேடம் வாசித்த கிழமை

சாதனை செய்யாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்கூடக் கிடையாது என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே ஆள் எங்கள் மைக் மேடம்தான். என்னைப் படைத்தவருக்குக்கூட என்மேல் அப்படியொரு நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

மேற்கொண்டு போவதற்கு முன் ஒரு விளக்கம். நான் தேதிப் பைத்தியம். எங்கள் வீட்டு மிக்ஸியின் ஜார் எப்போது உடைந்தது, அதற்கு நான் காரணமில்லை என்று எப்போது நிரூபித்தேன், என் மனைவி அதை எப்போது ஏற்க மறுத்தாள் என்பதெல்லாம் எனக்குத் தேதிவாரியாகத் தெரியும். இந்தக் கட்டுரையை முதலில் எழுதி அனுப்பியபோது வாக்கியத்துக்கு ஒரு தேதி இருந்தது. பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "சார், இது கட்டுரையா, காலண்டரா?" என்று கேட்டார். பேரம் பேசிப் பார்த்தேன். மாதம், வருடம் எல்லாம் போய், கடைசியில் கிழமைகளை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது. வாசகர்கள் என் கஷ்டத்தைப் புரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

நான் வரலாறு நடத்துகிற கல்லூரி கன்னட நாட்டில், ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளிக்குச் சற்று முன்னால் இருக்கிறது. பெயர் வேண்டாம். மைக் மேடம் அங்கே தாவரவியல் துறைத் தலைவர். மர்பி டவுனில் பிறந்து, வளர்ந்து, இன்றும் அங்கேயே இருப்பவர். மைக் அவருக்குத் தேவைப்பட்டதால் அந்தப் பெயர் வரவில்லை. தேவையே படாததால் வந்தது. மாடியில் அவர் ஒளிச்சேர்க்கை நடத்தினால் கீழ்த்தளத்தில் பி.காம். வகுப்பு நோட்ஸ் எடுக்கும். எங்கள் வணிகவியல் மாணவர்களுக்குப் பற்று வரவில் தடுமாற்றம் உண்டு; பச்சையத்தில் கிடையாது. ஒருநாள் கரண்ட் போய்விட்டது. "இன்றைக்கு மதியம் வகுப்பு இல்லை" என்று முதல்வர் மைக் இல்லாமல் அறிவித்தார். முதல் வரிசைக்கே கேட்கவில்லை. மேடம் அதைத் திருப்பிச் சொன்னார். பக்கத்துப் பள்ளிக்கூடமும் லீவு விட்டுவிட்டது.

திங்கட்கிழமை தோறும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் எங்கள் கல்லூரியில் "சாதனை நேரம்" என்று ஒன்று உண்டு. ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் போன வாரம் சாதித்தவற்றை மைக் மேடம் மாணவர்கள் முன்னால் வாசிப்பார். ஆய்வுப் பட்டம் வாங்கியவர், கருத்தரங்கில் கட்டுரை படித்தவர், புத்தகம் எழுதியவர் என்று பார்த்தால் எங்களிடம் மாதத்துக்கு ஒருவர் தேறினால் அதிகம். ஆனால் மேடம் ஒரு திங்கட்கிழமைகூட வெறுங்கையோடு மேடை ஏறியதில்லை.

"சாதனை இல்லாதவங்கன்னு யாரும் கெடையாது சார். சொல்லத் தெரியாதவங்கதான் இருக்காங்க" என்பார்.

அவருக்குச் சொல்லத் தெரியும். எங்கள் வேதியியல் சார் ஓசூரில் ஒரு கருத்தரங்குக்குப் போனார். காலையில் பஸ் ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஓசூர் வேறு மாநிலம் என்பதால் மேடம் அதைத் தேசியக் கருத்தரங்கு ஆக்கினார். அதோடு விட்டிருப்பார். வேதியியல் சார் வாய் தவறி, முன்வரிசையில் ஒரு நேபாள மாணவர் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லிவிட்டார். வாசிக்கும்போது அது சர்வதேசக் கருத்தரங்காக இருந்தது.

இன்னொரு திங்கட்கிழமை. இயற்பியல் சாருக்கு நெடுங்காலத் தவத்துக்குப் பிறகு பிஎச்.டி. கிடைத்திருந்தது. தலைமுடி அடர்த்தியாக இருந்தபோது பதிவு செய்தவர். வைவா நடந்தபோது சீப்பு வாங்குவதையே நிறுத்தியிருந்தார். அவர் பெயரை வாசித்த கையோடு மேடம், அக்கவுண்ட்ஸ் செக்ஷன் சாந்தாவுக்கு டூவீலர் லைசென்ஸ் கிடைத்ததையும் வாசித்தார். கைதட்டல் சாந்தாவுக்குத்தான் அதிகம். இயற்பியல் சார் கொதித்துப்போய் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்.

"மேடம், என் பிஎச்.டி.யும் டூவீலர் லைசென்சும் உங்களுக்கு ஒண்ணா?"

"சே சே, எப்படி சார் ஒண்ணாகும்?" என்றார் மேடம். "சாந்தா மொத அட்டெம்ட்லயே பாஸ்."

இந்த விஷயத்தில் என் பங்கு என்ன என்று கேட்பீர்கள். மேடம் வாசிப்பதை எல்லாம் தொகுத்துக் கல்லூரிச் செய்திமடலில் போடுவது என் பொறுப்பு. மேடம் வாசிப்பதில் எல்லாம் இருக்கும். தேதி மட்டும் இருக்காது. எனவே திங்கட்கிழமை தோறும் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "மேடம், டேட்!" என்று கத்துவேன்.

"போன வாரம் சார்."

"எந்தக் கிழமை?"

"ஒரு நல்ல நாள்ல சார்."

மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கு "டேட் சார்" என்று பெயர் வைத்தது அவர்கள்தான். நாளடைவில் மேடம் வாசித்து முடித்ததும் முதல் வரிசை முதல் கடைசி வரிசை வரை எல்லாத் தலைகளும் தானாக என் பக்கம் திரும்ப ஆரம்பித்தன. கல்லூரியில் எனக்கு இருந்த ஒரே செல்வாக்கு அதுதான்.

என்னையும் மேடம் விட்டுவைக்கவில்லை. எங்கள் ஆஸ்டின் டவுன் பஸ் ஸ்டாப்புக்குக் கூரை இல்லை என்று ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதியிருந்தேன். அவர்கள் வெட்டியது போக இரண்டு வரி வந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை, "நம்ம டேட் சாருடைய நகர்ப்புற உள்கட்டமைப்பு பற்றிய ஆய்வு, தேசிய நாளிதழ்ல பப்ளிஷ் ஆயிருக்கு!" என்று மேடம் முழங்கினார். முதல்வர் வந்து கைகொடுத்தார். நூலகர் அந்த ஆய்வின் பிரதி ஒன்று வேண்டும் என்றார். நான் ஒரு வாரம் நூலகப் பக்கமே போகவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு இன்னும் கூரை வரவில்லை.

சிரித்தது போதும், வேதனைக்கு வருகிறேன்.

நான் விரிவுரையாளராகச் சேர்ந்து, விரிவுரையாளராகவே இருந்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் இணைப் பேராசிரியர் ஆனார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களும் ஆனார்கள். என்னிடம் படித்த மஞ்சுநாத் என்ற பையன் அதே கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, இணைப் பேராசிரியராகி, துறைத் தலைவருமாகி, என் லீவு லெட்டரில் ஓர் எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் திருத்தினான். அவன் திருத்தியது சரி என்பதுதான் தாங்க முடியாதது.

பதவி உயர்வுக்கு எல்லாத் தகுதியும் என்னிடம் இருந்தது, ஒன்றைத் தவிர. வெளியிடத்தில் அழைப்பின் பேரில் ஒரு சொற்பொழிவாவது நிகழ்த்திச் சர்டிபிகேட் வாங்கியிருக்க வேண்டும். இரண்டு முறை நேர்காணலுக்குப் போய், அந்த ஒரு குறைக்காகவே திரும்பி வந்தேன். அழைக்கத்தான் ஆளில்லை. முன்பு ஒரு பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். நான் தேதி சொல்லச் சொல்லத் தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ப்யூனைப் பார்த்தார். ப்யூன் போய் மணியடித்துவிட்டார். நேரமாகவில்லை. ஆனாலும் குழந்தைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அழைப்பில் என்னைச் சிறப்பு விருந்தினர் என்று மட்டும் போட்டிருந்ததால் அது சொற்பொழிவுக் கணக்கில் சேரவில்லை.

மூன்றாவது நேர்காணல் வரவிருந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்கு மேல் வயது வரம்பு தாண்டிவிடும். அந்தச் சமயம்தான் மேடத்துக்கும் ஓய்வு பெறும் நாள் நெருங்கியிருந்தது.

"ஏனாய்து சார், என்ன ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார். சொன்னேன்.

"யாருமே கூப்பிடலையா?"

"கூப்பிட்டவங்க மறுபடி கூப்பிடல மேடம்."

"சும்னிரி சார், சும்மா இருங்க. நான் இருக்கேன்ல." டிபன் பாக்ஸை மூடினார். "இத்தன வருஷமா ஒவ்வொருத்தர் பேரையும் படிச்சிருக்கேன். உங்க பேர மட்டும் அந்த பஸ் ஸ்டாப்போட விட்டுட்டு நான் வீட்டுக்குப் போக முடியாது. எங்க ஏரியா அம்மன் கோயில்ல ஆடி வெள்ளிக்கு வெள்ளி புரோகிராம் நடக்கும். கமிட்டி செக்ரட்டரி கஜா எனக்குத் தம்பி மாதிரி. எங்க ஏரியா கதையவே பேசுங்க. தெரு எப்ப வந்துச்சு, கொழா எப்ப வந்துச்சு, அதெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படியாச்சே."

உடனே போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடவில்லை. அவர் பேசினால் மர்பி டவுனுக்குப் போனே தேவையில்லை.

"டேய் கஜா! எங்க காலேஜ்ல ஒரு பெரிய உபன்யாசகர் இருக்கார்டா. ரெண்டாவது வெள்ளிக்கு அவர் உபன்யாசம் வச்சுக்கலாமா?"

இங்கே ஒரு வார்த்தை விளக்கம் தேவை. கன்னடத்தில் உபன்யாசம் என்றால் சொற்பொழிவு. கல்லூரியில் பாடம் நடத்துபவர் உபன்யாசகர். என் அறைக் கதவில் கன்னடத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். முதல் தடவை கல்லூரியைப் பார்க்க வந்த என் வேலூர் மாமனாருக்கு ஒரு மாணவன் அதை உரக்கப் படித்துக் காட்டினான். அவர் என்னை ஓரமாக அழைத்துப்போய், "மாப்பிள்ள, வாத்தியார் வேலன்னு சொல்லித்தான பொண்ணு கேட்டீங்க? ராமாயணம் சொல்றதா யாரும் சொல்லலையே?" என்றார். அது நடந்து (வருடம் வெட்டப்பட்டது) ஆகியும் எனக்குப் புத்தி வரவில்லை. மேடம் கல்லூரி வழக்கப்படி கன்னட உபன்யாசத்தைச் சொன்னார். கோயில் கமிட்டிக்காரர் கஜாவின் காதில் தமிழ் உபன்யாசம் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வரலாற்று ஆசிரியனான நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"கஜா துள்றான் சார்" என்றார் மேடம் போனை வைத்துவிட்டு. "அம்மாவே அனுப்பி வெச்ச மாதிரி இருக்குன்றான். வர வேண்டியவர் யாரோ கைய விரிச்சுட்டாராம்."

எனக்காக ஒருவர் துள்ளியது அதுதான் முதல் தடவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமைக்காக ஒரு வாரம் உழைத்தேன். மர்பி டவுன் தெருக்களின் காலவரிசையைப் படங்களோடு தயாரித்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். இஸ்திரி போட்ட சட்டை, டை. ஆட்டோ மர்பி டவுனுக்குள் நுழைந்ததும் வேப்பிலைத் தோரணத்துக்கு நடுவில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் தெரிந்தது. அதில் என் படம். கல்லூரி அடையாள அட்டைக்காக எடுத்த, சிரிக்காத படம். நெற்றியில் விபூதியும் குங்குமமும் கம்ப்யூட்டரில் வைத்து, சுற்றிலும் ரோஜா மாலை வரைந்திருந்தார்கள்.

ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார். "பாவம் சார், நடுத்தர வயசுதான்" என்றார். "எப்ப தவறினாராம்?"

படத்துக்குக் கீழே "உபன்யாச சக்கரவர்த்தி" என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு மாமனார் ஞாபகம் வந்தார்.

கஜா ஓடி வந்தார். கேஸ் ஏஜென்சியில் வேலை பார்ப்பவர். சிலிண்டர் தூக்கிய கை. என்னையும் ஏறக்குறைய அப்படியே இறக்கினார்.

"வாங்க சாமி, வாங்க. செருப்ப இங்கயே விட்டுருங்க. ஒரே ஒரு சந்தேகம். கழுத்துல இது..."

"டை."

"இருக்கட்டும் சாமி. புதுசா இருக்கு."

"புரொஜெக்டர் எங்க வச்சிருக்கீங்க?"

"அதெல்லாம் எதுக்கு சாமி? ஆர்மோனியம் இருக்கு, மிருதங்கம் இருக்கு. ஜால்ரா வேணும்னா என் மச்சானக் கூப்பிடறேன்."

மேடையில் ஆர்மோனியக்காரர் சுருதி வைப்பதற்காகப் பணிவோடு குனிந்து, "எத்தன கட்ட சாமி?" என்று கேட்டார்.

"கட்டையெல்லாம் எதுக்குங்க? இப்படியே தரையில உக்காந்துக்கறேன்" என்றேன். அவர் மிருதங்கக்காரரைப் பார்த்தார். மிருதங்கக்காரர் வானத்தைப் பார்த்தார்.

முன்வரிசையில் மடி நிறையப் பூவைத்துத் தொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: "சாமி, இன்னிக்கு ரேணுகா கதையா, மார்க்கண்டேயன் கதையா?"

"தெருக்களோட கதைம்மா."

"தெருக்கூத்தா?" பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "வேஷம் கட்டாம எப்படிடி ஆடுவாரு?"

கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த மைக் மேடத்தைக் கண்டுபிடித்தேன்.

"மேடம், கஜாகிட்ட என்ன சொன்னீங்க?"

"உபன்யாசம்னு சொன்னேன்."

"எந்த உபன்யாசம்?"

மேடம் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். ஆர்மோனியத்தைப் பார்த்தார். என் டையைப் பார்த்தார். "அய்யய்யோ" என்றார், மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்ட ஒரே வார்த்தை அதுதான்.

"நான் கெளம்பறேன் மேடம்."

"இப்ப போனா சர்டிபிகேட் கிடையாது சார். சர்டிபிகேட் இல்லாட்டி இன்டர்வியூ கிடையாது. ஏறுங்க. வாயத் தொறங்க. மீதிய அம்மா பாத்துக்குவா."

ஏறினேன். எனக்குத் தெரிந்ததைத்தானே பேச முடியும்? அந்தப் பகுதியில் முதல் குழாய் வந்த ஆண்டைச் சொன்னேன். ஆண்டு சொன்னால் அது மனதில் பதிய ஓர் இடைவெளி விடுவது என் வழக்கம். அந்த இடைவெளியில் மிருதங்கம் "தாம்" என்றது. ஆர்மோனியம் நீளமாக இழுத்தது. பழக்கதோஷத்தில் முன்வரிசை "ஓம் சக்தி!" என்றது.

தெருவிளக்கு வந்த ஆண்டு. தாம். ஓம் சக்தி! சாக்கடைக்கு மூடி போட்ட ஆண்டு. தாம். ஓம் சக்தி! என் ஆசிரியப் பணியில் என் தேதிகளுக்கு அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை. ஆனால் எத்தனை சாக்கடைக்குத்தான் ஓம் சக்தி சொல்ல முடியும்? சத்தம் மெலிந்தது. பின்வரிசைப் பெண்கள் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். "சாமிக்கு ஒடம்பு முடியலயாட்டம் இருக்கு" என்று யாரோ பரிதாபப்பட்டார்கள். கஜா மேடை ஓரத்தில் கைகளைப் பிசைந்தார். என் கண்ணுக்கு முன்னால் சர்டிபிகேட்டும் அதன் பின்னால் இணைப் பேராசிரியர் பதவியும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன.

அப்போது மைக் மேடம் மேடை ஏறினார். மைக்கை வாங்கினார். ஆஃப் செய்தார்.

"யாரும் எந்திரிக்கக் கூடாது!"

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த தெருவில் போய்க்கொண்டிருந்தவர்களும் நின்றதாகச் சொல்கிறார்கள்.

"சார் கொழா வந்த கதைய சொன்னாரு. அந்தக் கொழால நாலு வீட்டுக்குத் தண்ணி புடிச்சு ஊத்திட்டு, அதுக்கப்புறம் ஸ்கூலுக்குப் போய் எஸ்எஸ்எல்சி பாஸ் பண்ணது யாரு? நம்ம கிரிஜா! எந்திரிடி கிரிஜா!"

பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மாதான் கிரிஜா. "ஐயோ அக்கா, இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டே எழுந்தார். மடியிலிருந்த பூவெல்லாம் கொட்டியது. கைதட்டல் எழுந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேண்டுமென்று செய்யவில்லை. வாய் தானாகத் திறந்தது. "மேடம், டேட்!" என்றேன்.

மேடம் கிரிஜாவைப் பார்த்தார். கிரிஜா யோசித்தார். "அது, எங்க அக்கா மக பொறந்த வருசம்."

"அக்கா மக பொறந்தது எப்பம்மா?"

"மழைல நம்ம தெரு முழுசா முங்குச்சே சாமி, அந்த வருசம்."

தெரு மூழ்கிய ஆண்டு எனக்குத் தெரியும். பென் டிரைவில் படமே இருந்தது. ஆண்டைச் சொன்னேன் (இங்கேயும் வெட்டப்பட்டது). தாம்! ஓம் சக்தி!

கிரிஜா உட்காரவில்லை. "அந்த வருசமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தன் வாழ்க்கைக்கு ஒரு நம்பர் இருக்கிறது என்பது அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மேடம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நான் டேட் கேட்பேன். ஆள் ஏதோ ஒரு பிறப்பையோ மழையையோ கல்யாணத்தையோ அடையாளம் சொல்வார். நான் ஆண்டைக் கண்டுபிடித்துச் சொல்வேன். மிருதங்கம் முத்திரை வைக்கும். ஒரு விபத்துகூட இல்லாமல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் எழுந்தார். பெண்ணை நர்சிங் படிக்கவைத்தவர் எழுந்தார். குடியை விட்டவர் ஒருவர் எழுந்தார். அவர் மனைவி "இருங்க, இன்னும் ஒரு மாசம் பாப்போம்" என்று உட்காரவைத்தார். ஒரு மருமகள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து, "என் மாமியார் ஒரே ஒரு தடவ என் கொழம்ப நல்லாருக்குன்னாங்க!" என்றாள்.

"டேட்?"

"அது மறக்குமா சார்? வரலட்சுமி நோன்புக்கு முந்தின நாள்!"

கூட்டத்துக்கு நான் சாமியிலிருந்து எப்போது சாராக மாறினேன் என்று தெரியவில்லை. கூழ் ஆறிப்போனது. யாரும் கவலைப்படவில்லை.

முடிந்ததும் கஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "சக்கத்தா இருந்துச்சு சாமி, பிரமாதம். இருங்க, சன்மானம் பண்ணணும்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம். பணத்துக்காக நான் வரல" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"பணமா?" என்று திகைத்தார் கஜா. கையில் சால்வையும் மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகையும் வைத்திருந்தார். கன்னடத்தில் சன்மானம் என்றால் மரியாதை செய்வது என்பதை நான் மறந்துவிட்டேன். உபன்யாசத்தில் விழுந்து எழுந்தவன், ஒரே மாலையில் இதிலும் விழுந்தேன். பேட்டா என் தலைக்குப் பெரிது. கண்ணாடி வரை இறங்கியது. அந்தக் கோலத்தில் வீட்டுக்குப் போனபோது என் மனைவி கதவைத் திறந்து, "ஏங்க, சொல்லாமலே இன்னொரு கல்யாணமா?" என்றாள்.

சர்டிபிகேட் மறுவாரம் மேடம் மூலம் வந்தது. சிங்கத்தின் மேல் அம்மன், சூலம், கீழே சிவப்பு எழுத்தில் "சிறப்பு உபன்யாசம் நிகழ்த்தினார்". "சொற்பொழிவு" என்று மாற்றித் தரச் சொல்லி கஜாவுக்குப் போன் செய்தேன். "பிரிண்ட் ஆயிடுச்சே சாமி" என்றார். அதை எடுத்துக்கொண்டுதான் நேர்காணலுக்குப் போனேன். எதிரே முதல்வர், வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர், என் மாணவன் மஞ்சுநாத். மூன்று பேருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

"நீங்களே படிங்க சார்" என்றான் மஞ்சுநாத்.

நெஞ்சு மிருதங்கம்போல அடித்தது. "சிறப்பு..." என்றேன். "உபன்யாசம்..." என்றேன்.

முதல்வரின் முகம் மலர்ந்தது. "விசேஷ உபன்யாச! தும்பா சென்னாகிதெ!" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம்.

எந்த வார்த்தை என்னை மாலை போட்ட படமாகத் தொங்கவிட்டதோ, அதே வார்த்தை கன்னடத்தில் எனக்குக் கைகொடுத்தது. ஆனால் நான் காலவரிசைக்காரன். நடந்ததை மறைக்க வராது. நிபுணர் விவரம் கேட்டபோது கூழ் முதல் கிரிஜா வரை எல்லாவற்றையும் சொன்னேன். மிருதங்கத்தையும் விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. "வாத்திய இசையுடன் கூடிய புதுமையான கற்பித்தல் முறை" என்று எழுதிக்கொண்டார். "மக்கள் பங்கேற்பு" என்றும் எழுதிக்கொண்டார். மஞ்சுநாத் மட்டும் குனிந்து மேஜைக்கடியில் சிரித்தான். என்னிடம் படித்தவன்தானே, என்னைத் தெரியும்.

ஆணை வந்தது. புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆபீஸ் சாந்தா கொண்டுவந்து கொடுத்தார். உறையை இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமைதான் மேடத்தின் கடைசி "சாதனை நேரம்". பச்சைப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். வேதியியல் சார் ஒரு வகுப்புக்குச் சரியான நேரத்தில் வந்ததைத் தேசிய அளவில் வாசித்தார். லிஃப்ட் பழுதாகாமல் ஒரு வாரம் ஓடியதற்கு லிஃப்டையே பாராட்டினார். பிறகு சற்று நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கடைசியா, நம்ம டேட் சார். இணைப் பேராசிரியர் ஆயிருக்கார். ஆர்டர் வந்தது போன செவ்வாய்க்கிழமை!"

அத்தனை வருடத்தில் மேடம் யார் பெயரோடும் நாளைச் சேர்த்து வாசித்ததில்லை. யாரும் கேட்காமல், எனக்காக மட்டும், ஒரு கிழமையை விசாரித்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். தப்பாக.

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. வழக்கம்போல நான் எழுந்தேன். மேடம் மேடையிலிருந்து, பரீட்சைத் தாளை முதலில் கொடுத்துவிட்ட மாணவி மாதிரி பெருமையோடு என்னைப் பார்த்தார்.

"கரெக்டா சார்?"

"கரெக்ட் மேடம்" என்றேன்.

இப்போது எங்கள் கல்லூரியில் சாதனைகளை யாரும் வாசிப்பதில்லை. வாசலில் ஒரு திரை வைத்திருக்கிறார்கள். பெயரும் பட்டமும் தேதியும் ஒரு பிழையில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். தேதிகளை நான்தான் சரிபார்க்கிறேன். நின்று பார்ப்பவர் எவருமில்லை. பி.காம். மாணவர்களுக்குப் பச்சையம் மறந்துபோய்விட்டது.

அந்த மாதச் செய்திமடலையும் நான்தான் தொகுத்தேன். அதில் என் பதவி உயர்வு செவ்வாய்க்கிழமை என்றுதான் இருக்கிறது. எங்கள் கல்லூரியின் வரலாற்றைப் பிற்காலத்தில் எழுத வருகிறவர் யாராவது ஆணையோடு ஒப்பிட்டுப் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடித்தால், தயவுசெய்து திருத்திவிடாதீர்கள். அது மேடம் வாசித்த கிழமை.